ஒன்பது ஸ்க்ரூவுக்காக ஒரு ட்ரோன்

ட்ரோன் வாங்கலாமா வேண்டாமா என்று எட்டு மாதம் யோசித்தேன். படம் எடுக்கிற ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. என் கல்யாண போட்டோவிலேயே நான் கேமராவைப் பார்க்காமல்தான் நிற்கிறேன். என் மச்சானைப் பழிவாங்க வேண்டும். ட்ரோன் அதற்குத்தான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. நானும் அவனும் ஒரே வாரத்தில் கூரை வேலைக்கு வந்தவர்கள். கூரையில் பழகித்தான் அவன் அக்காவைக் கட்டினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனிகளுக்கு ஷீட் போடுகிற வேலை. இருபத்தாறு வருஷம் சேர்ந்து செய்தோம். நான் ஐந்தாவது வரை படித்தவன். அதற்கு மேல் படித்ததெல்லாம் ஷீட்தான்.

ஷீட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் இது புரியாது. தகர ஷீட்டில் மேடும் குழியும் வரிவரியாக இருக்கும். மழைத் தண்ணீர் குழியில் ஓடும். அதனால் ஸ்க்ரூவை மேட்டில் அடிக்க வேண்டும். குழியில் அடித்தால் தண்ணீர் ஓடுகிற வழியிலேயே ஓட்டை போட்ட மாதிரி. மேட்டில் அடிக்க நீள ஸ்க்ரூ வேண்டும், கை ஆடாமல் இருக்க வேண்டும். குழியில் அடிக்கக் குட்டை ஸ்க்ரூ போதும். சுலபம். நேற்று வேலைக்கு வந்தவன் செய்கிற தப்பு அது. எங்கள் ஆட்களில் ஒருவனைத் திட்ட அவன் அம்மாவை இழுக்க வேண்டியதில்லை. குழியில் அடிக்கிறவன் என்று சொன்னால் போதும். அடிதடி ஆகிவிடும்.

என்னை அப்படிச் சொன்னான்.

அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி ஒன்று. அதற்குக் கூரை போட்டோம். நான் மேற்கிலிருந்து போட்டுக்கொண்டு வந்தேன். அவன் கிழக்கிலிருந்து வந்தான். நடுவில் சந்தித்தோம். இரண்டு பக்கத்தையும் சேர்த்து மூடுகிற கடைசி ஷீட்டை நாங்கள் மூடி என்போம். மூடி போடும்போது நீள ஸ்க்ரூ தீர்ந்துவிட்டது. வானம் கறுத்துவிட்டது. மச்சான் குட்டை ஸ்க்ரூவை எடுத்துக் குழியில் அடித்தான். ஒன்பது ஸ்க்ரூ. இன்றைக்கு மட்டும், நாளை நீளம் வந்ததும் மாற்றி, ஓட்டையை அடைத்துவிடுகிறேன் என்றான். மறுநாள் எனக்கு வேறு இடத்தில் வேலை. சாயந்திரம் போனில் கேட்டேன்.

"மாத்திட்டியாடா?"

"ஆச்சு மாமா."

அதற்கப்புறம் இரண்டு வாரம் கழித்து நான் விழுந்தேன். முப்பது அடி உயரத்தில் விழாதவன் என் வீட்டு பாத்ரூமில் விழுந்தேன். குதிகால் உடைந்தது. தகடு வைத்தார்கள். இனி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி என்றேன்.

ஐப்பசியில் முதல் பெரிய மழை. பெட்டிக் கம்பெனியில் ஒழுகியது. ஓனர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நான் கட்டையை ஊன்றிக்கொண்டு போனேன். அடுக்கி வைத்திருந்த அட்டை நனைந்து தயிர்வடை மாதிரி உட்கார்ந்திருந்தது. பெட்டி ஒட்டுகிற பெண்கள், லோடு ஏற்றுகிற ஆட்கள், டீ கொண்டு வந்தவர், எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"யார் போட்ட பக்கம்யா இது?" என்று ஓனர் கேட்டார்.

நான் மேலே பார்த்தேன். ஒழுகுவது நடுவில். மூடி இருக்கிற இடம். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டான்.

"மாமா சைடு சார். நா மேல ஏறிப் பாத்துட்டுதான் வந்துகீறேன். அவுரு போட்ட வரில குழில அடிச்சிகீறாரு. வயசாச்சி சார், கண்ணு செரியா தெர்ல. தப்பா எடுத்துக்காதீங்க. நா செரி பண்ணிக் குடுத்துடறேன்."

ஒருத்தர் சிரித்தார். அப்புறம் நாலு பேர் சிரித்தார்கள். எனக்காக மன்னிப்புக் கேட்கிற மாதிரி அவன் முகத்தை வைத்திருந்தான். அதுதான் எனக்கு ஆறவில்லை.

"மூடிலதான் ஒழுவுது. அது நீ அடிச்சது" என்றேன்.

"மாமா, மூடிய நா மறுநாளே மாத்திட்டேன். போன்ல சொன்னன்ல?"

"நான் ஏறிப் பாக்கறேன்."

ஓனர் என் காலைப் பார்த்தார். "இந்தக் காலை வெச்சுக்கிட்டா? விழுந்தா கேஸ் என் மேல வரும். நீங்க போங்க" என்றார். போகும்போது வாட்ச்மேனிடமும் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அவர் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மச்சான் மேலே ஏறினான். அரை மணி நேரம் என்னமோ பூசினான். ஒழுகல் நின்றது. என் தப்பை அவன் சரிசெய்ததாக ஆகிவிட்டது. என்னோடு வேலை செய்துகொண்டிருந்த இரண்டு ஆட்களும் அந்த மாதமே அவனிடம் போய்விட்டார்கள்.

நான் எஸ்டேட்டிலேயே ஒரு ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்தேன். ஸ்க்ரூ, வாஷர், ஆணி எடுத்துக் கொடுக்கிற வேலை. கூரை ஆட்கள் எல்லோரும் வருகிற கடை. வந்து இப்படிக் கேட்பார்கள்.

"குழி மாமே, நாலு பாக்கெட் ஸ்க்ரூ குடு. நீளம் குடு மாமே. குட்டையைக் குடுத்து எங்களையும் குழில எறக்கிடாத."

எடுத்துக் கொடுப்பேன். பதில் சொல்ல மாட்டேன். இருபத்தாறு வருஷத்தில் நான் போட்ட கூரை எதுவும் ஒழுகியதில்லை. அந்தப் பேர் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதை எடுத்துவிட்டு இதைக் கொடுத்தான். அவனை அதே ஓனர், அதே ஆட்கள் முன்னால் நிறுத்தி, அடித்தது நான்தான் என்று அவன் வாயால் சொல்ல வைக்க வேண்டும். அதற்கு அந்த மூடியை ஒருதடவை மேலேயிருந்து பார்க்க வேண்டும். ஏற முடியாது. வேறு யாரையும் அனுப்ப முடியாது. ஏறத் தெரிந்தவர்கள் எல்லோரும் அவன் ஆட்கள்.

தை மாதம் அவன் செம்பரம்பாக்கம் பக்கம் வீடு கட்டிக் குடிபோனான். நான் வரவில்லை என்றேன்.

"அவன் என் கூடப் பொறந்தவன்யா. நீ வராங்காட்டி நா இன்னா சொல்றது அங்க?" என்றாள் என் மனைவி.

"கால் வலின்னு சொல்லு."

"ஆட்டோலதான போறோம்? ஆட்டோவுக்கா கால் வலி?"

போனேன். மச்சான் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். மாடியில் பாதிக்கு ஷீட் போட்டிருந்தான். சொந்தக்காரர்கள் இருபது பேர் இருந்தார்கள்.

"மாமா, நல்லா பாத்துக்கோ. எல்லாம் மேட்லதான் அடிச்சிகீறேன்" என்றான்.

சிரித்தார்கள். என் மனைவிகூட வாயைத் துணியால் மூடிக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு கையை எடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் வீடியோக்காரர் ட்ரோனை மேலே அனுப்பினார். பூந்தமல்லிக்காரர், நாற்பது வயசு இருக்கும், கல்யாண வேலை செய்கிறவர். வீட்டை மேலேயிருந்து எடுக்க வேண்டும் என்று மச்சான்தான் தனியாகச் சொல்லி வைத்திருந்தான். நான் வீடியோக்காரர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் கையில் இருந்த ஸ்க்ரீனில் மச்சான் வீட்டு ஷீட் தெரிந்தது. வரி தெரிந்தது. ட்ரோன் இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஸ்க்ரூ தெரிந்தது. ஒவ்வொரு தலையும் தெரிந்தது.

அன்றைக்கு நான் இரண்டு தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டேன். என் மனைவி ஆச்சரியமாகப் பார்த்தாள்.

சாப்பிட்டு வந்து வீடியோக்காரரிடம் கேட்டேன். "இத யார் வேணா ஓட்டலாமா?"

"ஓட்டலாம் அண்ணாத்தே. சின்னதா வாங்குனா பேப்பர் வேலை கம்மி. ஆனா பறக்க உடறதுக்கு மின்னாடி மேப்பு பாக்கணும். செவப்பு காட்னா தூக்கவே கூடாது. ஆவடி பக்கம் மிலிட்டரி எடம். அங்க நீ ட்ரோன எடுத்தன்னு வெய்யி, அவன் உன்ன எடுத்துடுவான். ஜனங்க தலைக்கு மேலயும் உடக்கூடாது."

"எஸ்டேட்ல?"

"எடத்துக்கு எடம் மாறும். இன்னாத்துக்கு கேக்கற, பேத்திக்கு பர்த்டேவா?"

"இல்ல. கூரைக்கு."

அவர் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து ட்ரோன் நினைப்பாகவே இருந்தேன். கடையில் ஆள் இல்லாதபோது போனில் ட்ரோன் வீடியோ பார்ப்பேன். மலை, கடல், கோயில் தேர் எல்லாம் எடுத்துப் போட்டிருந்தார்கள். கூரை எடுத்தவர் யாரும் இல்லை. விலையைப் பார்த்தேன். ஒரு வண்டி வாங்கலாம். அது ஒரு பக்கம். ரிமோட்டைத் தொட்டதே இல்லை. என் விரல் தடிப்பு, அந்தக் குச்சியை நகர்த்துமா தெரியாது. விழுந்து யார் மண்டையாவது உடைந்தால் இன்னொரு பேர் வரும். இன்னொன்றும் இருந்தது. ஏறாமல் கூரையைப் பார்ப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. திருட்டுத்தனமாக எட்டிப்பார்க்கிற மாதிரி. ஆனால் சாயந்திரம் எவனாவது குழி மாமே என்று கூப்பிடுவான். கூச்சம் போய்விடும்.

வீட்டில் சொன்னேன்.

"இன்னாத்துக்குய்யா உனக்கு அது? கொயந்தப் புள்ளயா நீ?" என்றாள்.

"பாக்கணும்."

"இன்னாத்தப் பாக்கணும்?"

"உன் தம்பிய."

"அர மணி நேரத்துல ஆட்டோல போய்டலாம். போய் நேரா மூஞ்சியப் பாத்துட்டு வா."

"மூஞ்சி வேணா. கூரை."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இன்னும் அத உடலியா நீ?"

"இல்ல."

"அவன் பொய் சொல்லிகீறான்னே வெச்சிக்கோ. அத வெளிய இஸ்துட்டு வந்து இன்னா பண்ணப்போற? நாளைக்கி நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு தாய்மாமன்னு வேற எவன் வந்து நிப்பான்?"

"அவனே வருவான். தல குனிஞ்சிகினு வருவான்."

அவள் அன்றைக்கு என்னோடு பேசவில்லை. நானும் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அம்பத்தூரில் கேமரா கடைக்குப் போனேன். கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். கடையில் இருந்த பெண் மதுரைப் பக்கம் போல.

"எதுக்குண்ணே? டூர் போறதுக்கா, விசேஷத்துக்கா?"

"ஸ்க்ரூ பாக்க."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்தது. "ஒரு பேட்டரிக்கு இருபத்தஞ்சு நிமிஷம் பறக்கும்ணே."

"முப்பது அடில இருக்கற ஸ்க்ரூ தலை தெரியுமா?"

"கடல் அம்புட்டு அழகாத் தெரியும்ணே. மலை தெரியும். ஸ்க்ரூ இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லண்ணே."

கையில் கொடுத்தது. நான் தூக்கிப் பார்த்தேன். என் பழைய ஸ்க்ரூ மெஷினில் கால்வாசி எடைகூட இல்லை. இவ்வளவு லேசான ஒன்று என் பாரத்தைத் தூக்குமா என்று நினைத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த மாதம் மறுபடி போனேன். மறுபடி தூக்கிப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை போனபோது அந்தப் பெண் டீ வாங்கிக் கொடுத்தது.

புரட்டாசி வந்தது. இன்னும் ஒரு மாதத்தில் மழை. பூசினது ஒரு வருஷம்தான் தாங்கும். வெயிலில் காய்ந்து பிளந்துவிடும். மறுபடி ஒழுகும், மறுபடி என் பேரைச் சொல்லிப் பூசுவான். அதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒருதடவை பார்த்துவிடலாம் என்று வீடியோக்காரரைக் கூப்பிட்டேன். பெட்டிக் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு லேத் பட்டறை. அதற்கும் நான்தான் கூரை போட்டேன். பன்னிரண்டு வருஷமாக ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்த ஓனரிடம் உங்கள் கூரையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். வா என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனோம். வீடியோக்காரர் முதலில் மேப்பைப் பார்த்தார். பறக்கலாம் என்றார்.

"எல்லையத் தாண்ட மாட்டேன் அண்ணாத்தே. பட்டறைக்கு மேலயே நிறுத்திகினு கேமராவ அந்தாண்ட திருப்பறேன். ஜூம் பண்ணிக்கலாம்."

"போதும்."

சத்தம் வண்டு மாதிரி இருந்தது. பெட்டிக் கம்பெனி வாட்ச்மேன் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவரும் ஆட்டினார்.

ஸ்க்ரீனில் முதலில் மேற்குப் பக்கம் வந்தது. நான் போட்டது. ஸ்க்ரூ எல்லாம் நூல் பிடித்த மாதிரி மேட்டில் இருந்தது. ஒன்றுகூட விலகவில்லை. இன்னொருதடவை மெதுவாகக் காட்டச் சொன்னேன். பிறகு கிழக்குப் பக்கம். அவன் போட்டது. அதுவும் மேட்டில்தான். கோடு கொஞ்சம் கோணல். இருந்தாலும் மேட்டில். பிறகு நடு.

மூடி.

குழியில் கறுப்பாக என்னமோ பூசியிருந்தது. பாதி உரிந்து சுருண்டு கிடந்தது. உரிந்த இடத்தில் ஸ்க்ரூ. அதன் கீழே துரு கோடு கோடாக இறங்கியிருந்தது. எண்ணினேன். ஒன்பது. ஒன்றைக்கூட அவன் மாற்றவில்லை.

"கெடச்சிதா அண்ணாத்தே?" என்றார் வீடியோக்காரர்.

"கெடச்சிது."

"இப்ப இன்னா பண்ணப்போற?"

"போன்ல போட்டுக் குடுங்க."

மச்சானுக்கு நான் போன் பண்ணவில்லை. கூரை ஆட்கள் வாட்ஸ்அப் குரூப்பில் படத்தைப் போடவில்லை. காத்திருந்தேன். ஸ்க்ரூ இல்லாமல் கூரைக்காரன் எங்கே போவான்?

பத்து நாள் கழித்து வந்தான். அவன் வழக்கமாக ஆள் அனுப்புகிறவன். அன்றைக்குப் பெரிய கோடவுன் வேலை ஒன்று கிடைத்திருந்ததால் கடை ஓனரிடம் பேச அவனே வந்தான். கூட அவன் ஆட்கள் நாலு பேர். இரண்டு பேர் முன்பு என்னோடு இருந்தவர்கள்.

"இன்னா மாமா, எப்டி கீற? கால் செரியாச்சா?"

"ஆச்சு."

"இருபது பாக்கெட் நீளம் குடு."

நான் ஒரு பாக்கெட்டைப் பிரித்தேன். ஒன்பது ஸ்க்ரூவை எண்ணி மேசையில் வரிசையாக வைத்தேன். பக்கத்தில் போனை வைத்தேன். படம் திறந்தே இருந்தது.

"மொதல்ல இத எடுத்துக்கோ. போன வருஷமே உனக்கு வேண்டியது" என்றேன்.

அவன் குனிந்து பார்த்தான். அவன் ஆட்களும் குனிந்து பார்த்தார்கள். கூரைக்காரர்களுக்கு அந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. என்னிடம் இருந்தவர்களில் ஒருவர், "இது மூடியாச்சே" என்றார். அவ்வளவுதான்.

மச்சான் முகம் கறுத்தது. "ஆள் வெச்சு ஏத்துனியா?"

"இல்ல. உன் ஊட்டு விசேஷத்துல பாத்தேன் அந்த மிஷின. நீதான் காசு குடுத்து வரவெச்ச."

யாரும் சிரிக்கவில்லை. அவன் குரலை உயர்த்தினான்.

"செரி மாமா. நாதான் அடிச்சேன். ஆனா அப்ப நீ எங்க இருந்த? என் பக்கத்துலதான குந்திகினு இருந்த? ஷீட்டு ஆடாம அமுக்கிகினு இருந்தது யாரு? குழில அடிச்சிடட்டா மாமான்னு கேட்டனா இல்லியா? நீ ம்-முன்னு சொன்னியா இல்லியா? சொல்லு, இவுங்க மின்னாடி சொல்லு."

இதை நான் மேலே எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். அவன் கேட்டது உண்மை. நான் ம் என்றதும் உண்மை. மழை வருகிறது, பசிக்கிறது, நாளைக்கு மாற்றப்போகிறான் என்று நினைத்து ம் என்றேன். ஒரு எழுத்து.

"சொன்னேன்" என்றேன்.

அவன் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள்.

"ம்-முன்னு சொன்னது நான். மாத்திட்டேன்னு சொன்னது யாரு? நான் போட்ட வரில ஓட்டைன்னு சார்கிட்ட சொன்னது யாரு?"

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"ஸ்க்ரூவ எடு. இன்னிக்கே மாத்தற. சார் மின்னாடி. நான் கீய நிப்பேன்."

"மாட்டேன்னா?"

"அந்தக் கோடவுன்காரர் நம்பர் கடைல கீது. படத்த அனுப்புவேன்."

எடுத்தான். ஒன்பதையும் மேல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மதியம் ஒரு மணி. புரட்டாசி வெயில். அந்த நேரத்தில் ஷீட் மேல் முட்டி போட முடியாது, தோல் உரியும். சாயந்திரம் ஏறட்டுமே என்று பெட்டிக் கம்பெனி ஓனர் சொன்னார். வேண்டாம் சார், எப்போ மழை வருமோ என்றேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஓனர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

நாற்காலியை மூடிக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தேன். பெட்டி ஒட்டுகிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்தார்கள். மேலே அவன் நகர்கிற சத்தம் கேட்டது. ஒரு ஸ்க்ரூ கழன்றது. ஓட்டை வழியாக வெளிச்சம் ஒரு கம்பி மாதிரி இறங்கி என் மடியில் விழுந்தது. ஒன்று. அப்புறம் இரண்டு. ஒன்பதும் விழுகிற வரை ஒன்றையும் அடைக்க வேண்டாம் என்று கத்தினேன். எல்லோரும் பார்க்கட்டும்.

ஒன்பது வெளிச்சம்.

"மேட்ல அடிடா" என்று கத்தினேன். லோடு ஆள் ஒருவர் சிரித்தார். பிறகு நாலு பேர். அன்றைக்கு யார் முதலில் சிரித்தாரோ அதே ஆள்.

மச்சான் இறங்கி வந்தான். முட்டி இரண்டும் சிவந்திருந்தது. ஓனர் முன்னால் நின்று சொன்னான். "நாதான் சார் அடிச்சேன். மாமா வரி நல்லாதான் கீது." கொஞ்சம் விட்டு, "அவுரும் பக்கத்துலதான் இருந்தாரு" என்றும் சொன்னான். அதையும் சொல்லாமல் விடவில்லை.

இதோடு என் பேர் திரும்பிவிடும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் கடை திறந்ததும் முதலில் வந்தவர் சொன்னது:

"இன்னா குழி மாமே, நேத்து குழி மச்சான மேல ஏத்திட்டியாமே?"

அவனுக்கும் அந்தப் பேர் வந்துவிட்டது. எனக்குப் போகவில்லை. ஒட்டின பேர் அப்படித்தான் போல. அவனுக்கும் வந்தது பாதிதான் ஆறுதல். மீதிப் பாதி உள்ளேயே இருந்தது.

அன்று சாயந்திரம் கேமரா கடைக்குப் போனேன். நாலாவது தடவை. அந்தப் பெண் டீ சொல்லப் போனது.

"டீ வேணாம்மா. பில் போடு" என்றேன்.

வீட்டில் பெட்டியைப் பார்த்துவிட்டு மனைவி கேட்டாள். "எல்லாம்தான் முடிஞ்சிடிச்சே. இப்ப இன்னாத்துக்கு இது?"

"அவன் புதுசா கோடவுன் போட்றான்."

அவள் பெட்டியைத் தள்ளி வைத்தாள். "அவன் ஊட்டு மேல மட்டும் பறக்க உடாத. துணி காயப் போட்ருப்பா அவன் பொண்டாட்டி."

"உட மாட்டேன்."

திருவேற்காடு தாண்டி ஒரு காலி மைதானத்தில் பழகினேன். மேப்பைப் பார்த்துக்கொண்டுதான் தூக்குவேன். இரண்டு தடவை முள்ளில் விழுந்தது. விரல் தடிப்புதான், ஆனால் பழகிவிட்டது. கோடவுன்காரருக்கு நானே போன் பண்ணினேன். கூரை முடியமுடியப் படம் எடுத்துக் கொடுக்கிறேன், வேலை சரியாக நடக்கிறதா என்று உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம் என்றேன். கூலி கேட்கவில்லை. சந்தோஷமாக வரச்சொன்னார்.

போனேன். மச்சான் கூரைமேல் இருந்தான். ட்ரோனைத் தூக்கினேன். தலைக்கு நேர் மேலே விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். வண்டுச் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தான். கீழே குனிந்து என்னைத் தேடினான். நான் நாற்காலியில் இருந்தேன். திரும்பி அடுத்த ஸ்க்ரூவை வைத்தான்.

ஸ்க்ரீனில் வரிவரியாகப் பார்த்தேன். மேடு. மேடு. மேடு. முன்பு கோணலாக இருந்த கோடுகூட இப்போது நேராக இருந்தது. ஒரு தப்பு இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

பேட்டரி தீர்கிற வரைக்கும் இறக்கவில்லை. மறுநாளும் போனேன்.